'திருத்தணி'க்குள்ள ஒரு டிரெயின் ஒளிஞ்சிருக்கு! எழுத்துப் புதிர் விளையாட்டா, வேலைக்கான வடிகட்டியா?

போனை எடுங்க. நோட்ஸ் ஆப்பைத் திறந்து, ரயில் நிலையப் பலகையில் இருக்கிற மாதிரியே 'திருத்தணி'னு ஆங்கிலத்துல டைப் பண்ணுங்க. டி, ஐ, ஆர், யூ, டி, டி, ஏ, என், ஐ. மொத்தம் 9 எழுத்துகள். இந்த ஒன்பதை மட்டும் வெச்சு, சரியா 5 எழுத்துள்ள ஆங்கில வார்த்தைகள் எத்தனை எழுத முடியும்? ஒரு நிமிஷம் டைம்.

முதல்ல கண்ணுல படுறது 'டிரெயின்'. டி, ஆர், ஏ, ஐ, என் அஞ்சும் ஊர் பெயருக்குள்ளயே இருக்கு. அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவுல ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊருக்குள்ள ரயில் ஒளிஞ்சிருக்கிறது நல்ல பொருத்தம்தான். அடுத்து வாட்ச் பெயராகவே நமக்குத் தெரிஞ்ச 'டைட்டன்'. அப்புறம் குணம்னு அர்த்தம் தரும் 'டிரெயிட்', கறைன்னு அர்த்தம் தரும் 'டெயின்ட்', குத்திக்காட்டுறதைச் சொல்லும் 'டான்ட்'. 6 எழுத்துக்குப் போனா, ஸ்கூலுக்கு மட்டம் போடுறவரைக் குறிக்கும் 'ட்ரூவன்ட்' கிடைக்கும். 7 எழுத்துல 'டைட்ரன்ட்'கூட இருக்கு. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல பியூரெட்ல ஊத்தின கரைசல் ஞாபகம் இருக்கா? அதேதான்.

இதுல எத்தனை உங்களுக்கு வந்துச்சு? ரெண்டு வந்திருந்தா மூளை மந்தம்னும், ஆறு வந்திருந்தா நீங்க ஜீனியஸ்னும் முடிவு பண்ணிடாதீங்க. இந்தப் புதிர் எதை அளக்குது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வியே. ஏன்னா இதே புதிர் இன்னைக்கு ரெண்டு இடத்துல நம்ம வாழ்க்கைக்குள்ள வருது. ஒண்ணு, காலையில் காபியோட ஆடுற வேர்டில். இன்னொண்ணு, வங்கி வேலைக்கான தேர்வு அறை. முதலாவதுல தோத்தா ஒரு கட்டம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். இரண்டாவதுல தோத்தா ஒரு வருஷம் போகும்.

காதலிக்காக ஒருத்தர் செஞ்ச விளையாட்டு

வேர்டில் விளையாட்டை உருவாக்கினவர் ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர். வார்த்தைப் புதிர்கள்மேல் ஆர்வமா இருந்த தன் துணைவி பாலக் ஷாவுக்காகத்தான் அதைச் செஞ்சார். ஆங்கிலத்துல 5 எழுத்து வார்த்தைகள் சுமார் 12,000 இருக்கு. அதுல பாதிக்கு மேல யாரும் கேள்விப்படாதவை. அதனால பாலக் ஷா உட்கார்ந்து, தெரிஞ்ச வார்த்தை, தெரியாத வார்த்தைனு பிரிச்சு, விடையாக வரக்கூடிய பட்டியலைச் சுமார் 2,500-க்குக் குறைச்சார். 2021 நவம்பர் 1 அன்னைக்கு அதை விளையாடினவங்க 90 பேர். 2022 ஜனவரி தொடக்கத்துல 3 லட்சம் பேர். அந்த ஜனவரி முடியறதுக்குள்ள நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதை வாங்கிட்டது.

இந்தக் கதையில் நாம கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியல் வேலையைத்தான். விடை தெரியாத வார்த்தையா இருந்தா அது புதிரே இல்லை, அநியாயம் என்பது விளையாட்டைச் செஞ்சவங்களுக்கே புரிஞ்சிருக்கு. வெறும் பொழுதுபோக்குக்கே ஒருத்தர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கார். வேலை தர்ற தேர்வுக்கு?

34 விநாடியில் ஒரு வார்த்தை வேட்டை

ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி கிளார்க் பிரிலிமினரி தேர்வில் 100 கேள்விகள், 60 நிமிடங்கள். ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். அதாவது ரீசனிங்கில் ஒரு கேள்விக்குச் சராசரியா 34 விநாடி. தப்பா டிக் பண்ணா கால் மார்க் போயிடும்.

அந்த ரீசனிங் பகுதியில் பல வருஷமா வந்துட்டிருக்கிற கேள்வி வகை ஒண்ணு உண்டு. சில ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி, அர்த்தமுள்ள ஆங்கில வார்த்தைகள் எத்தனை அமைக்கலாம்னு கேட்பாங்க. ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுக்கு மேல் என்கிற மாதிரி ஆப்ஷன் இருக்கும்.

ஈஸியா ஒண்ணு பார்க்கலாம். எழுத்துகள்: ஈ, ஏ, டி. தேநீர்னு அர்த்தம் தரும் 'டீ' ஒண்ணு. சாப்பிடுன்னு சொல்ற 'ஈட்' ரெண்டு. சாப்பிட்டேன்னு சொல்ற 'ஏட்' மூணு. அப்போ விடை மூணு, இல்லையா? ஒரு நிமிஷம். ஈ, டி, ஏ என்று எழுதினா 'ஈட்டா'. கிரேக்க எழுத்தின் பெயர், ஆங்கில அகராதியில் இருக்கிற வார்த்தை. ப்ளஸ் ஒன் இயற்பியலில் பாகுநிலைக்குப் போடுற குறியீடு அது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் அறிவியல் படிச்ச பையனுக்கு அது நல்லாவே தெரியும். அவன் நாலாவதா அதையும் எண்ணி 'மூன்றுக்கு மேல்'னு டிக் பண்றான். விடைக்குறிப்பு மூணுன்னு சொன்னா, அவனுக்கு மார்க் போகுது. கூடுதலா ஒரு வார்த்தை தெரிஞ்சதுக்குத் தண்டனை!

இன்னொரு பக்கம், 'ஏட்' என்பதை ஒரு தனி வார்த்தையா எண்ணத் தோணாத பொண்ணு இருப்பா. 'ஈட்'டோட இறந்தகாலம்தானே, அது வேற வார்த்தையான்னு அவ நினைப்பா. அவ விடை ரெண்டு. அவளுக்கும் மார்க் போகுது. இந்த ரெண்டு பேர்ல யாருடைய சிந்தனையில் கோளாறு? யாருடையதிலும் இல்லை. ஒரே எழுத்துகளை எத்தனை விதமா அடுக்கலாம்னு கேட்டா அது ரீசனிங். மூணு எழுத்துன்னா 6, நாலுன்னா 24, அஞ்சுன்னா 120. இந்தக் கணக்கை எந்த மொழியில் படிச்சவரும் போடலாம். ஆனா அந்த 24 அடுக்குல எது 'அர்த்தமுள்ளது'ன்னு சொல்றதுக்கு அறிவு மட்டும் போதாது. வீட்டுல எந்தப் பேப்பர் வந்துச்சு, எந்தக் கார்ட்டூன் ஓடுச்சு, அம்மா அப்பா எந்த மொழியில் திட்டினாங்க என்பதெல்லாம் அங்கே உள்ளே வருது.

எழுத்தை எண்ணுறது வேற, வார்த்தையை அறியறது வேற

இதே மாதிரி தோற்றமுள்ள இன்னொரு கேள்வி எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் ரொம்பப் பிரபலம். ஒரு பெரிய வார்த்தையைக் கொடுத்து, அதன் எழுத்துகளால் அமைக்க முடியாத வார்த்தை எதுன்னு நாலு ஆப்ஷன் தருவாங்க. நம்ம ஊர் பெயரையே வெச்சுக்குவோம். டிரெயின், டான்ட், டைட்டன், நேச்சர். இதுல எது வராது? நேச்சர். ஏன்னா அதுல ஈ இருக்கு, 'திருத்தணி'யில் ஈ இல்லை. இதைக் கண்டுபிடிக்க நேச்சர்னா இயற்கைன்னுகூடத் தெரிய வேண்டாம். எழுத்தைச் சரிபார்க்கிற கவனம் இருந்தா போதும்.

மேலோட்டமா ரெண்டும் ஒரே ஜாதிக் கேள்வி. உள்ளே பார்த்தா, ஒண்ணு கண்ணையும் கவனத்தையும் அளக்குது, இன்னொண்ணு வீட்டுச் சூழலை அளக்குது. ரெண்டுக்கும் 'ரீசனிங்'னு ஒரே லேபிள் ஒட்டுறதுதான் சிக்கல்.

"பேங்க் வேலைக்கு இங்கிலீஷ் வேணாமா?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. வேணும். அதுக்குத்தான் தனியா 30 கேள்விகளோட ஆங்கிலப் பகுதி இருக்கே. அங்கே ஒருமுறை அளந்த அதே ஆங்கிலத்தை, ரீசனிங்குக்குள்ள மறுபடியும் மறைமுகமா அளக்கிறது எதுக்கு? "ஒண்ணு ரெண்டு கேள்விதானே"ன்னும் சொல்லலாம். கட்-ஆஃப் மதிப்பெண் தசமத்துல வர்ற தேர்வுல, கால் மார்க் என்பது ஒரு நாற்காலி.

கேள்வித்தாள் தமிழுக்கு வந்துட்டது, எழுத்து வரலை

கடந்த சில வருஷங்கள்ல நல்ல மாற்றங்கள் நடந்திருக்கு. மறுக்க வேண்டாம். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வுகளை ஆங்கிலம், இந்தியோடு 13 பிராந்திய மொழிகளிலும் நடத்தணும்னு 2021 செப்டம்பர் 30 அன்னைக்கு மத்திய நிதி அமைச்சகம் அறிவிச்சது. எஸ்.எஸ்.சி.யின் எம்.டி.எஸ்., சி.எச்.எஸ்.எல். தேர்வுகளுக்கு 2023-ல் அதே 13 மொழிகள் வந்தன. சி.ஆர்.பி.எஃப். தேர்வைத் தமிழில் நடத்தச் சொல்லி 2023 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார். அதே மாசம், மத்திய ஆயுதப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு 2024 ஜனவரி 1 முதல் 13 பிராந்திய மொழிகளிலும் நடக்கும்னு உள்துறை அமைச்சகம் அறிவிச்சது.

ஆனா கேள்வியின் வாக்கியம் தமிழுக்கு மாறினாலும், எழுத்து வரிசைக் கேள்விகளின் உள்ளே நிக்கிறது ஆங்கில எழுத்துகள்தான். ஏ-வுக்கு அடுத்து சி, சி-க்கு அடுத்து ஈ என்கிற வரிசைக் கேள்வியில் பிரச்னை இல்லை. 26 எழுத்தும் எல்லோருக்கும் தெரியும். 'அர்த்தமுள்ள ஆங்கில வார்த்தை'ன்னு வரும்போதுதான் மொழிபெயர்ப்பு பாதியிலேயே நின்னுடுது.

அப்போ அந்தக் கேள்வியைத் தமிழ்லயே கேட்டா என்ன? ஆசையா இருக்கு, ஆனா அவ்வளவு எளிதில்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. எழுத்துகள் அதிகமாக அதிகமாக, அதே எழுத்துகளைக் கலைச்சுப் போட்டு இன்னொரு சொல் கிடைக்கிற வாய்ப்பு குறையும். 'நகரம்' என்பதைக் கலைச்சா 'நரகம்' கிடைக்கும், டிராஃபிக்ல நிக்கிறவங்களுக்கு அது புதிரே இல்லை! ஆனா இப்படிப்பட்ட ஜோடிகள் நமக்கு அபூர்வம். ஆக ஒரே கேள்வி தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ஒரே அளவு கடினமா இருக்காது. அது போட்டித் தேர்வுக்கு ஆகாது.

4-ஆ, 5-ஆ, 9-ஆ?

திருத்தணி இதைப் பேச ரொம்பப் பொருத்தமான ஊர். ஆங்கிலத்துல 9 எழுத்து. தமிழ்ல எண்ணிப் பாருங்க. தி, ரு, த், த, ணி. சரியா அஞ்சு! வேர்டில் கட்டத்துல கச்சிதமா உட்காரும். தெலுங்குல எழுதினா 'த்த' ஒரே கூட்டெழுத்து என்பதால 4 தான். சரி, நம்ம போன் எப்படி எண்ணும்? யூனிகோடு முறையில் கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. அதனால போனுக்குள்ள தமிழ் 'திருத்தணி' 9 குறியீடுகள். ஆங்கிலக் கணக்கும் போன் கணக்கும் 9-ல் ஒத்துப்போறது தற்செயல்தான்.

இதுல ஒரு வேடிக்கை. 'கலவை', 'கவலை' ரெண்டையும் பாருங்க. நமக்கு க-ல-வை, க-வ-லை. வேற வேற எழுத்துகள். போனுக்கோ ரெண்டும் அதே நாலு குறியீடு, வரிசை மட்டும்தான் வேற. ஆங்கிலத்துக்காக எழுதின புதிர் புரோகிராமைத் தமிழுக்கு அப்படியே போட்டா, கவலையைக் கலைச்சு கலவை ஆக்கிட்டு 'கரெக்ட்'னு பச்சை விளக்கு காட்டும். வேர்டில் பாணி விளையாட்டுகள் தமிழ்ல வந்தப்போ, எதை ஒரு எழுத்துன்னு எண்ணுறது என்பதைத்தான் முதல்ல முடிவு பண்ண வேண்டியிருந்தது.

எழுத்தை ஆடிப் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதுசும் இல்லை. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொண்ணா நீக்க நீக்க வேற பொருள் வர்றதைத் தண்டியலங்காரம் 'அக்கரச் சுதகம்'னு தனி அணியாவே வெச்சிருக்கு. திருத்தணியின் இன்னொரு பெயரான 'தணிகை'யை எடுத்துக்குங்க. கடைசி எழுத்தை எடுத்தா 'தணி'. சூரனோட போர் முடிச்சு முருகன் கோபம் தணிஞ்ச மலைன்னு சொல்ற பெயர்க் காரணமே அதுதான். நடு எழுத்தை எடுத்தா 'தகை', அழகு. வீட்டுத் திண்ணையில் பாட்டி போடுற "குதிரையோட தலையை வெட்டினா திரை, பலகையோட நடுவை எடுத்தா பகை" பாணி விடுகதையும் அதே குடும்பம்தான்.

மூணு மொழி ஊர்

1953-ல் ஆந்திரா தனி மாநிலமானப்போ, சித்தூர் மாவட்டத்துல இருந்த திருத்தணி அந்தப் பக்கம் போச்சு. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, எல்லை மாற்றச் சட்டம்னு எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்னைக்குத் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. கோடு மாறினாலும் நாக்கு மாறலை. இந்தப் பக்கத்து வீடுகள்ல இன்னைக்கும் தெலுங்கு பேசுறவங்க நிறைய. வீட்டுல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ், தேர்வுல ஆங்கிலம்னு வளர்ற பிள்ளைக்கு மூணு மொழி தெரியும். ஆனா ஒரு மொழியில் மட்டும் எண்ணப்படுற கேள்வியில் அவங்களுக்குத்தான் மார்க் குறையுது.

1888-ல் இந்த ஊரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1936-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஆனா அந்த ஆங்கிலத்தைத் தேடி அவர் திருப்பதி, வேலூர், சென்னைன்னு ஊர் ஊராப் போக வேண்டியிருந்தது. இன்னைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கையில் போன் இருக்கு. எப்படிப் பயன்படுத்துறதுன்னு தெரிஞ்சா போதும்.

சரி, தேர்வு நாளைக்கு இருக்கே... என்ன பண்ணலாம்?

*டிராயர் முறை.* வார்த்தையின் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்குங்க. 'டீ', 'ஈட்', 'ஏட்' மூணையும் அடுக்கினா ஏ, ஈ, டி என்கிற ஒரே சாவிதான் வரும். வார்த்தை தேடித் தர்ற இணையதளங்களும் ஆப்களும் உள்ளே செய்யற வேலையின் அடிப்படை இதுதான். ஒரு நோட்டுல இப்படிச் சாவி எழுதி, அதுக்குக் கீழே வர்ற வார்த்தைகளைச் சேருங்க. ஏ, ஈ, எம், டி டிராயரில் மீட், டீம், மேட், டேம் நாலும் கிடைக்கும். மூணு, நாலு எழுத்து டிராயர்களை முதல்ல நிரப்புங்க. கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் சுத்தும்.

*உயிரெழுத்தை நடுவில் வையுங்க.* 24 அடுக்கையும் முயற்சி பண்ண 34 விநாடி போதாது. கொடுத்த எழுத்துகள்ல ஏ, ஈ, ஐ, ஓ, யூ எத்தனைன்னு பாருங்க. ஒண்ணே ஒண்ணுன்னா பெரும்பாலும் அது நடுவுல நிக்கும். எஸ்-டி, சி-எச், எஸ்-எச் மாதிரி சேர்ந்தே திரியற ஜோடிகளைப் பிரிக்காதீங்க. இறந்தகாலத்தையும் பன்மையையும் தனி வார்த்தையா எண்ண மறக்காதீங்க.

*கேள்விக்குறி தேடல்.* ஒன்லுக் போன்ற அகராதித் தேடல் தளத்தில், தெரியாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டுத் தேடலாம். டி, ஆர், அப்புறம் மூணு கேள்விக்குறி போட்டா, அந்த ரெண்டு எழுத்தில் தொடங்குற 5 எழுத்து வார்த்தைகள் வரிசையா வரும். லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணாதீங்க. தினம் அஞ்சு எடுத்து, அர்த்தம் பார்த்து, ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்க. திருத்தணி மலைக்கோயிலுக்கு வருஷத்தோட நாள் கணக்கில் 365 படின்னு சொல்வாங்க. ஒரேயடியா ஓடி ஏறினவர் பாதியில் மூச்சு வாங்குவார், நிதானமா ஏறினவர் மேலே போய்ச் சேருவார்.

*சந்தேகம் வந்தா விடுங்க.* 'இன்னொரு வார்த்தை இருக்குமோ'ன்னு அரிக்கிற கேள்வியைத் தாண்டிப் போறதும் ரீசனிங்தான்.

யார் மாறணும்?

மாணவர்களுக்கு டிப்ஸ் சொல்லிட்டு முடிச்சுட்டா, முழுப் பாரத்தையும் அவங்க தலையிலேயே வெச்ச மாதிரி ஆயிடும். தேர்வு நடத்துறவங்களுக்கும் வேலை இருக்கு, அது பெரிய வேலையும் இல்லை. 'அர்த்தமுள்ள வார்த்தைகள் எத்தனை' என்கிற கேள்வியை ரீசனிங்கிலிருந்து எடுத்து ஆங்கிலப் பகுதிக்குள்ள வைக்கலாம். இல்லைன்னா, வார்த்தைகளைக் கொடுத்துட்டு எது அமையாதுன்னு கேட்கலாம். அதே எழுத்து, அதே கவனம், அகராதிச் சண்டை இல்லை. அதுவும் முடியலைன்னா, எந்த அகராதியை வெச்சு விடை சொல்றோம்னு அறிவிப்பிலேயே எழுதிடலாம். ஒரு விளையாட்டுக்காக ஒருத்தர் 12,000 வார்த்தையைச் சலிச்சு 2,500 ஆக்கினார்னா, வேலைத் தேர்வு நடத்துறவங்க அதுல பத்தில் ஒரு பங்கு அக்கறை காட்டினாலே போதும்.

தேர்வு முடிஞ்சதும் விடைக்குறிப்பு வெளியாகி, ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு தர்ற தேர்வா இருந்தா, அதைக் கட்டாயம் பயன்படுத்துங்க. அகராதிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைச்சு அனுப்புங்க. 'ஈட்டா'வும் ஒரு வார்த்தைதான்னு நிரூபிக்கிற அந்த ஒரு மனு, உங்களுக்கு மட்டுமில்ல, அதே வரிசையில் உட்கார்ந்து எழுதின எல்லாருக்கும் கால் மார்க் வாங்கித் தரலாம்.